மிளகு ரசமும் திராட்சை ரசமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1983 முதல் 1986 வரை இங்கே வேதியியல் படித்தவன். 1994இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குப் போய், உணவுப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். எதைப் பத்திப் பேசுறீங்க?" என்று கேட்டார். "ஆஸ்திரேலியாக்காரங்க ராத்திரிச் சாப்பாட்டோட குடிக்கிற சிவப்பு ஒயினைப் பத்தி" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அண்ணே, பசங்க இருப்பாங்க. பேராசிரியர்கள் இருப்பாங்க. அழைப்பிதழ்ல எப்படிப் போடுறது?" என்றார். "திராட்சை ரசம்னு போடுங்க. தேவாலயத்துல அப்படித்தானே சொல்றாங்க" என்றேன். "வெறும் திராட்சை ரசம்னு போட்டா நல்லாருக்காதுண்ணே, கூட எதையாவது சேருங்க" என்றார். "அப்படின்னா மிளகு ரசத்தைச் சேத்துக்குங்க" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தத் தலைப்புக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

முன்னதாகவே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் யாரையும் குடிக்கச் சொல்ல வரவில்லை. இந்த மேடையில் நின்று ஒரு கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அது என்ன கடன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பழைய உறவு

அயல்நாட்டு ஒயின் என்றதும் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய மதுரைக்கு அது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். புறநானூற்றின் 56ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டு வந்த மணமுள்ள மதுவை, பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, நாள்தோறும் இன்புற்று இருப்பாயாக என்பது அந்த வாழ்த்து. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியக் காசுகளும், ஒயின் ஊற்றி அனுப்பும் கூர்அடி மண்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும் அப்படியே. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார்.

சரி, வந்த கப்பல் வெறுங்கையோடா திரும்பியது? அகநானூற்றின் 149ஆம் பாட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் சேரநாட்டு முசிறியிலிருந்து மிளகோடு திரும்பின. ஆக, ஒயின் இங்கே வந்தது, மிளகு அங்கே போனது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்த வீட்டுச் செவ்வாய்க்கிழமை

நான் அடிலெய்டு போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், அடுத்த வீட்டுப் பெரியவர் எங்களை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அவருடைய முன்னோர் பரோசாப் பள்ளத்தாக்கில் குடியேறிய ஜெர்மானியர்கள். சமயக் கெடுபிடி தாங்காமல் சைலீசியாவை விட்டு வந்த லூத்தரன் குடும்பங்கள் 1842 முதல் அங்கே ஊன்றின. அன்று பண்டிகையும் இல்லை, பிறந்த நாளும் இல்லை. வெறும் செவ்வாய்க்கிழமை. மேசையில் ரொட்டி, ஆட்டுக்கறிக் குழம்பு, அவித்த கிழங்கு. நடுவில் ஒரு சிவப்பு ஒயின் புட்டி.

எனக்கு உள்ளூரப் பயம். நம்ம ஊரில் புட்டி வெளியே வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியுமே. பேச்சு ஏறும், குரல் ஏறும், பெண்கள் அடுப்படிக்குள் போய்விடுவார்கள். அங்கே அந்த அம்மாள் கணவருக்கு எதிரே உட்கார்ந்து தனக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொண்டார். ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின், பிறகு பேச்சு. பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள் தண்ணீர் குடித்துக் கொண்டு கணக்கு வாத்தியாரைப் பற்றிக் குறை சொல்லிக் கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் போனது. எழுந்தபோது புட்டியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது! பெரியவர் அதை மூடி அடுக்களையில் வைத்துவிட்டு, "நாளைக்கு ஆகும்" என்றார். சாராயத்தை மீதி வைக்கிற மனிதனை என் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த ஊரில் ஒயின் மளிகைச் சாமான் மாதிரி. அதற்குக் காரணமும் உண்டு. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றித் திராட்சைக் குச்சிகளைத் திரட்டி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். பிரான்சில் சிரா என்று சொல்லும் வகைதான் அங்கே ஷிராஸ் ஆனது. 1844இல் அடிலெய்டுக்கு அருகே மகில் என்ற இடத்தில் டாக்டர் பென்ஃபோல்டு கொடி நட்டது, நோயாளிகளுக்கு மருந்தாக ஒயின் கொடுக்கத்தான். ஐரோப்பாவின் தோட்டங்களை ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழித்தது. தென் ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் அது நுழையவே இல்லை. அதனால் பரோசாவில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. 1965இல் அதே மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் ஆங்கோவ், அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து ஒயின் விற்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டி ஒயின் சாதாரணக் குடும்பத்தின் தினசரி மேசைக்கு வந்து சேர்ந்தது.

நம் பக்கத்திலும் திராட்சை இல்லாமலில்லை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பரோசாக் கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்கி ஆண்டுக்கு ஒரே ஒரு முறை காய்க்கும். நம்ம கம்பத்துக் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்துப் பண்ணப் பண்ணக் காய்த்துக் கொண்டே இருக்கும். அதைப் பெரும்பாலும் பழமாகத்தான் தின்கிறோம். அது அதற்கேற்ற நல்ல வாழ்வு.

நம்ம சாப்பாட்டுக்கு எது சேரும்?

பெரியவர் வீட்டு ஒயின் அவர் வீட்டுக் கறிக்குப் பொருந்தியது. எங்கள் வீட்டில் என்ன ஆகும்? என் மனைவிக்கு ஊர் சிம்மக்கல். வாரநாள் இரவு எங்கள் வீட்டில் நடப்பது இட்லி, தோசை, சப்பாத்தி, குருமா, ரசம், எப்போதாவது சுக்கா. "இதுக்குப் போயி ஒயினா? மோர் போதாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் வேதியியல் படித்தவன் சும்மா இருப்பானா? சனிக்கிழமை ஒரு புட்டி வாங்கினால் வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதனை. பல வருஷம் செய்து கற்றுக் கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, காரம். மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் நாக்கில் உள்ள சூட்டை உணரும் நரம்புமுனையைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்புமுனையைச் சீண்டும். அதனால் பதினைந்து சதவீதம் வரை ஏறிய கனமான ஷிராஸைக் காரச் சட்னியோடு குடித்தால், எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான். மிளகாய்ச் சமையலுக்குப் பினோ நுவார் மாதிரி மெலிந்த ஒயின்தான் ஒத்துவரும்.

இரண்டாவது, துவர்ப்பு. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் இருக்கிறது. வாழைப்பூவைப் பச்சையாய்க் கடித்தால் நாக்கு இழுக்குமே, அந்த இழுப்பு. டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக் கொள்வதால் வாய் உலர்கிறது. கூடவே கறியும் கொழுப்பும் இருந்தால் இழுப்பு தணிந்து ஒயின் மெத்தென்று ஆகிவிடும். ஆட்டுச் சுக்காவுக்கும் கேபர்னே சாவிஞானுக்கும் உள்ள சிநேகம் இதுதான். வெறும் இட்லிக்கும் அதற்கும் ஒட்டாது.

மூன்றாவது, மீன். அயிரைமீன் குழம்போடு ஒரு நாள் சிவப்பு ஒயின் குடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் கவிச்சி. இரண்டு நாள் மனைவியின் முகத்தில் முழிக்க முடியவில்லை. நல்ல குழம்பைக் கெடுத்துவிட்டாயே என்று கோபம். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டு சொன்னார்கள். ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனில் உள்ள கொழுப்போடு வினைபுரிந்து அந்த நாற்றத்தைக் கிளப்புகிறது. அயிரைக்குச் சோறு போதும். வேறு துணை வேண்டாம்.

நான்காவது, புளிப்பும் இனிப்பும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரி புளிப்பான சாப்பாட்டுக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று போய்விடும். அதற்குச் சாஞ்சியோவீசே மாதிரி புளிப்புள்ள வகை வேண்டும். இனிப்புத் தின்றுவிட்டுக் குடித்தால் எந்தச் சிவப்பு ஒயினும் கசக்கும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு அன்று ஒயின் கிடையாது.

ஐந்தாவது, சூடு. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அது ஐரோப்பாவின் அறை. பதினாறு, பதினெட்டு டிகிரி. சித்திரை மாதத்து மதுரை அறையில் வைத்தால் அது ஒயினாக இருக்காது, கஷாயமாக இருக்கும். குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பதுதான் முறை.

மிளகுக்குள் இருந்த இரகசியம்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை இரவு. வெளியே மழை. மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், கோழி மிளகு வறுவல். விக்டோரியா மாநிலத்தின் குளிர்ப்பகுதியான கிராம்பியன்ஸில் விளைந்த ஷிராஸ் ஒன்றைத் திறந்தேன். ஒரு மிடறு குடித்த மனைவி, "ஏங்க, இதுல யாரு மிளகைத் தட்டிப் போட்டது?" என்றாள். நான் முகர்ந்து பார்த்தேன். பழவாசனை வந்தது, மிளகு வரவில்லை. "ரச வாசனையை இதுலயும் தேடுற" என்று கேலி செய்தேன். அவள் விடவில்லை. "மூக்கு எனக்கு இருக்கா, உங்களுக்கு இருக்கா?" என்றாள்.

2008இல் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு வந்தது. எங்கள் ஊரிலேயே இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ரோட்டண்டோன். ஒரு லிட்டர் ஒயினில் ஒரு கிராமில் நூறு கோடியில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும்! குளிர்ப்பகுதிக் கொடிகளில் கூடுதலாக இருக்கும். நாம் ரசத்துக்குத் தட்டிப் போடும் கருமிளகின் வாசனைக்கும் அதே மூலக்கூறுதான் முக்கியக் காரணம். ஒயினில் இருப்பதைவிட மிளகில் அது எத்தனையோ மடங்கு அதிகம்.

இன்னொரு வேடிக்கை, அந்தப் பெயர். ரோட்டண்டோன் என்பது சைபரஸ் ரோட்டண்டஸ் என்ற செடியின் பெயரால் வந்தது. அதாவது நம்ம கோரை! வைகைப் பாசன வயலில் விவசாயி பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போகிற அதே கோரை. அதன் கிழங்கைத்தான் நம் அம்மாமார் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சளோடு சேர்த்து அரைத்துக் குளியல் பொடி ஆக்கினார்கள். அந்தக் கிழங்கின் எண்ணெயில் இந்த மூலக்கூறை முதலில் பிரித்துக் காட்டியவர்கள் இந்திய வேதியியலாளர்கள், 1967இல். யவனர் காலத்தில் மிளகு ஒரு கப்பலிலும் ஒயின் ஒரு கப்பலிலும் போயிற்று. இரண்டுக்கும் உள்ளே ஒரே வாசனை இருந்திருக்கலாம் என்று முசிறி வணிகனுக்கு யார் போய்ச் சொல்வது?

ஆய்வின் இன்னொரு முடிவுதான் என்னை உட்கார வைத்தது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் தெரியாது. நான் அந்த ஐந்தில் ஒருவன். முப்பது வருஷம் வாசனைகளைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு இந்த ஒரு வாசனை கிடையாது. "ஒத்துக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி. ஒத்துக் கொண்டேன். அன்றிலிருந்து ஷிராஸ் திறந்தால் முதல் மிடறு அவளுக்கு. "இருக்கு", "இல்லை", "லேசா இருக்கு" என்று அவள் சொல்ல வேண்டும். அவள் எதிரே உட்காராவிட்டால் அந்த மிளகு எனக்கு இல்லவே இல்லை.

அந்தக் கடன்

நண்பர்களே, விடுதியில் என்னோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்த ஒருவன் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. பெயர் சொல்ல வேண்டாம். எங்கள் ஆண்டுக்காரர்களுக்குத் தெரியும். நன்றாகப் பாடுவான். தேர்வுக்கு முதல் நாள் எனக்குக் கரிம வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். படிப்பு முடிந்து நல்ல வேலைக்குப் போனான், கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். வேலையிலிருந்து திரும்பும் வழியில் குடிக்க ஆரம்பித்தான்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு உலகமெல்லாம் அடிபட்ட காலம் அது. 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி கிளப்பிவிட்டது. பிரெஞ்சுக்காரர் கொழுப்பு தின்றும் மாரடைப்பு குறைவாம், ஒயின்தான் காரணமாம். 1997இல் நான் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் வீட்டு மேசை, ஒயின், சாப்பாடு எல்லாவற்றையும் பெருமையாக வர்ணித்து, "அளவாய்க் குடித்தால் மருந்துடா" என்று எழுதி, ஒரு பத்திரிகைத் துணுக்கையும் வெட்டி உள்ளே வைத்து அனுப்பினேன். விடுமுறையில் ஊர் வந்தபோது அந்தத் துணுக்கு அவன் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. வீட்டில் யாராவது கேட்டால் அதைக் காட்டுவானாம். "ஆஸ்திரேலியாவுல இருந்து என் நண்பன் அனுப்பினது. அவன் வேதியியல் படிச்சவன்" என்பானாம். அவன் குடித்தது ஒயினும் இல்லை, மேசையிலும் இல்லை.

2011இல் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். நாற்பத்தேழு வயசு. அடுத்த ஆண்டு நான் வந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ரொம்ப அமைதியாகக் கேட்டார்: "அண்ணே, நீங்களும்தான குடிக்கிறீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அவருக்கு மட்டும் ஏன்ணே?"

எனக்கு வாய் எழவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தத் தங்கைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று இந்த மேடையில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஆஸ்திரேலியாவில் பத்து கிராம் ஆல்கஹாலை ஓர் அளவு என்பார்கள். நூறு மில்லி ஒயினில் ஏறக்குறைய ஓர் அளவு இருக்கும். ஒரு முழுப் புட்டியில் எட்டு அளவு. அதை நாங்கள் இரண்டு பேர் ஒரு வாரம் வைத்துக் கொள்வோம். நம்ம ஊரில் "குவார்ட்டர்" என்கிறார்களே, நூற்று எண்பது மில்லி, நாற்பத்திரண்டே முக்கால் சதவீதம். அதில் ஆறு அளவு இருக்கிறது. அவன் அதைக் கடை ஓரத்தில் நின்றபடி, வெறும் வயிற்றில், பத்து நிமிடத்தில் முடிப்பான். ஈரலுக்கு ஓர் அளவை அகற்றவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். சாப்பாடு இருந்தால் ஆல்கஹால் இரத்தத்தில் ஏறுவது மெதுவாகும். அவன் வீட்டுக்கு வரும்போது பசியும் போயிருக்கும், பேச்சும் போயிருக்கும். மூடி வைத்த சோறு காலையில் தண்ணீர் ஊற்றிய சோறாகும்.

இதோடு நிறுத்தினால் நான் புத்திசாலி, அவன் முட்டாள் என்று ஆகிவிடும். அது பொய். ஒயினில் இருப்பதும் அதே எத்தனால்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. எந்த அளவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் குழு 2020இல் வகுத்த வரம்பு வாரத்துக்குப் பத்து அளவு, எந்த ஒரு நாளிலும் நான்கு அளவு, அதற்கு மேல் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒரு சொட்டும் வேண்டாம். அந்த வரம்பும் ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் என் உடம்பு வாகுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. சிலருக்கு முதல் கிண்ணத்திலேயே பிடித்துக் கொள்கிறது. யாருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய சோதனைக்கூடம் எதுவும் இல்லை. முப்பது வருஷம் சோதனைக்கூடத்தில் இருந்தவன் சொல்கிறேன்.

ஆகவே, 1997இல் நான் எழுதிய கடிதம் தப்பு. ஒயின் மருந்து இல்லை. அன்று எனக்கு நன்மை செய்தது புட்டிக்குள் இருந்த சமாச்சாரம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் நன்மை செய்தது மேசை. ஒன்றரை மணி நேரம் வீட்டார் எதிரெதிரே உட்கார்ந்து, சுடச்சுடச் சாப்பிட்டு, அன்றைய கதையைப் பேசியது. அதை வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்ப எனக்குத் தெரியவில்லை. துணுக்கைத்தான் அனுப்பினேன். அனுப்பிய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியாது. இங்கே நின்று திருத்திச் சொல்லத்தான் முடியும்.

மாணவர்களுக்கு

நம் மாநிலத்தில் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பி வந்தது, மறுபடி கடைகள் திறந்தன, 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடையைத் திறப்பதா மூடுவதா என்று எண்பது வருஷமாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். இந்திய-ஆஸ்திரேலிய வணிக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்து, ஐந்து டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயின் புட்டிகளுக்கான சுங்கவரி 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைந்தது. பத்து ஆண்டில் 50 ஆகும். பதினைந்து டாலருக்கு மேற்பட்டதற்கு இன்னும் குறைவு. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, அந்தப் புட்டிகளை நீங்கள் என்னைவிட அதிகமாகப் பார்க்கப் போகிறீர்கள். யாராவது ஒருவர் உங்களிடமும் "இது மருந்து" என்று சொல்லத்தான் போகிறார்.

குடிக்காமல் இருப்பவர்கள் அப்படியே இருங்கள். எதையும் இழக்கவில்லை. உலகம் புட்டியில் அடைத்து விற்கும் அந்த மிளகு வாசனை உங்கள் அம்மாவின் ரசத்தில் கூடுதலாகவே இருக்கிறது. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்று சும்மாவா சொன்னார்கள்? பின்னாளில் வயதும் சட்டமும் அனுமதித்து, ஏதோ ஓர் ஊரில் ஒரு மேசையில் உங்கள் முன் கிண்ணம் வந்தால் நான்கை நினைவில் வையுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். மறைத்து வேண்டாம். எண்ணாமல் வேண்டாம். தனியாக வேண்டாம். நான்கில் ஒன்று தவறினாலும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு மோரைக் கேளுங்கள்.

நிறுத்த முடியவில்லை என்று தெரிந்தால் வெட்கப்படாதீர்கள். அது நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு. மனநல உதவிக்கு மத்திய அரசின் 14416 என்ற எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். என் நண்பன் காலத்தில் அந்த எண் இல்லை. ஆனால் நான் இருந்தேன். என்னிடமாவது அவன் கேட்டிருக்கலாம், நானாவது கேட்டிருக்கலாம். இருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போய், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். ரசம் ஊற்றும்போது எதிரே இருப்பவரிடம் "மிளகு தெரியுதா?" என்று கேளுங்கள். ஐந்தில் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லக்கூடும். அவருக்கு மற்ற நால்வரும் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தத் தங்கையும் அவருடைய மூத்த மகனும் என் அழைப்பை ஏற்று இன்று இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார்கள். அம்மா, பதில் சொல்லப் பல வருஷம் ஆகிவிட்டது. பொறுத்துக் கொள்ளுங்கள்.